பார்க்க முடியாதவை

களியக்காவிளைக்கு இப்புறம்
ரோட்டிலிருந்து நாலு தென்னை தள்ளி அந்த வீடு.
ஏழரை சென்ட். பின்னால் ஒரு அயனி மரம்.
சுவரில் பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை.
"கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்றார் புரோக்கர் ராஜையன்.

மஸ்கட்டில் பதினோரு வருடம்
இரவு டூட்டியில் கண் மூடாமல் சேர்த்த பணம்.
கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக் கை வரவில்லை.

வீட்டைச் சோதிக்க ஆள் வேண்டும் என்றேன்.
"அதுக்கென்ன, நம்ம மச்சினன் இன்ஜினியர்,
ஃபீஸே வேண்டாம்."
வேண்டாம் என்கிற கூலி
வேறு எந்தப் பையிலிருந்து வரும் என்று
வார்டில் மருந்துக் கம்பெனிக்காரர்களைப்
பார்த்துப் பழகியவளுக்குத் தெரியாதா?

அடுத்தவர் பாறசாலைக்காரர். போனிலேயே சொன்னார்:
"பழுது இருந்தா நாங்களே சரி பண்ணித் தருவோம்,
ஆள் இருக்கு, ரேட்டும் குறைவு."
நோயைச் சொல்கிறவரே கத்தியும் விற்றால்
என் வயிற்றில் கட்டி இருந்தே தீரும்.
வைத்துவிட்டேன்.

மூன்றாவது பெயர் ஒரு திட்டிலிருந்து கிடைத்தது.
"அந்த ரோஸ்லெட்டை மட்டும் கூப்பிட்டிராதீங்க,
முடிஞ்ச வியாபாரம் மூணைக் கெடுத்தவ."
பேனா இல்லை.
கண்மைப் பென்சிலால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

கேள்விகளோடு போனேன்.
சிவில் டிப்ளமோ. பொதுப்பணித்துறையில் இருபத்திரண்டு வருடம்.
முன்பு எழுதிய ரிப்போர்ட் ஒன்றை
பெயரையும் முகவரியையும் மறைத்துக் காட்டினார்.
மலையாளத்தில் இருக்கும் முன் ஆதாரத்தை நீட்டினேன்.
தொடக்கூட இல்லை.
"அது வக்கீலுக்க வேலை. எனக்குச் சுவரு தெரியும்."
பிறகு அவர் பங்குக்கு ஒரே ஒரு கேள்வி:
"இந்த வீடு வேண்டாம்னு நான் சொன்னா கோவிப்பியா?"
கோவிப்பேன் என்றேன்.
"சரி. நல்லா மழை பெய்யிற நாளாப் பாத்து விளி."

இடவப்பாதி இறங்கிய மூன்றாம் நாள் விளித்தேன்.
ஆட்டோவில் ஏணி வந்தது, அதன் பின்னால் அவர்.
ராஜையன் காரை விட்டு இறங்கவே இல்லை.

ஈரம் காட்டும் மீட்டரைச் சுவரில் வைத்தார்,
அதையும் நம்பாமல் புறங்கையை வைத்தார்.
காய்ச்சல் பார்க்க நானும் அப்படித்தான் வைப்பேன்.
வெள்ளைப் பெயின்டுக்கு அடியில் பழுப்பாய் ஒரு கோடு
ஜன்னல் மூலையிலிருந்து தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது
நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.
பின்வாசல் நிலையில் ஸ்க்ரூடிரைவர்
தேயிலையில் நனைத்த ரஸ்க்கில் போவதுபோல் போயிற்று.
"செதலு" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.
கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் நடுவே
டேப்பின் ஒரு முனையை என்னிடம் தந்தார்.
பதினாலு அடி.
அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான்
போன தடவை எனக்கு நாரங்கா வெள்ளம் கலக்கித் தந்தார்கள்.

"மேலே ஏறு, நீயும் பாரு.
நான் எழுதுறதை மட்டும் நம்பி வாங்காதே."
ஏறினேன். சேலை முழுக்கப் பாசி.

பத்தொன்பது பக்கம் வந்தது. எட்டாயிரத்துக்கு ரசீது.
பழுதுகளைப் படித்தபோது வராத நம்பிக்கை
கடைசிப் பக்கத்தில் வந்தது.
தலைப்பு: பார்க்க முடியாதவை.
ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே.
பூட்டிக் கிடந்த மாடி அறை; சாவி தரவில்லை.
அஸ்திவாரத்தின் வடமேற்கு மூலை; விறகு அடுக்கியிருந்தது.
கீழே கையெழுத்து, தேதி.
இத்தனை வருடத்தில் எந்தப் பெரிய டாக்டரும்
இப்படியொரு பக்கம் எழுதி நான் பார்த்ததில்லை.

ராஜையன் தினமும் விளிக்கிறார்.
விலை நாலு லட்சம் இறங்கியிருக்கிறது,
நேற்று இன்னும் ஐம்பதாயிரம்.
நான் ஒன்றுதான் சொல்கிறேன்:
அந்த விறகைக் கொஞ்சம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.

எட்டு நாளாயிற்று.
நனைந்த விறகு,
யாரும் அதை எடுக்கவில்லை.